பனாமாவில் துங்காரா தவளை ஃபீல்ட்வொர்க்: ப்ளேபேக் அமைப்புக்கும் உள்ளூர் மாணவர்களைச் சேர்ப்பதற்கும் ஆலோசனை வேண்டும்

ஈரமண் கேட்டது:

வணக்கம். விலங்கு நடத்தையில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு. ஜூன் மாதம் பத்து வாரத்துக்கு பனாமா போக ஏற்பாடாகி வருகிறது. ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தின் காம்போவா நிலையத்தில் தங்கி துங்காரா தவளையில் வேலை.

2019இல் வந்த நகரத் தவளை – காட்டுத் தவளை ஆய்வு இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். பனாமா நகரத்தில் கத்தும் ஆண்கள் காட்டு ஆண்களைவிடக் கவர்ச்சியாகக் கத்துகின்றன. நகரத்தில் தவளையைத் தின்னும் வௌவாலும் அதைக் கடிக்கிற சின்ன ஈக்களும் குறைவு என்பதால் அப்படிக் கத்துவதில் ஆபத்தும் குறைவு. நான் பார்க்க நினைப்பது பெண்களின் பக்கம்: நகரத்துப் பெண்ணும் காட்டுப் பெண்ணும் ஒரே அளவு கறாராகத் தேர்ந்தெடுக்கின்றனவா?

இப்போதைய திட்டம்: நகரத்திலிருந்து 20 பெண்கள், காட்டிலிருந்து 20. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ப்ளேபேக் சோதனை, அதாவது கத்தலை ஸ்பீக்கரில் ஓட்டி எதன் பக்கம் போகிறது என்று பார்ப்பது. ஒரு ஸ்பீக்கரில் வெறும் இழுவை (ஆண் கத்தலின் அடிப்படையான நீண்ட ஒலி), மறு ஸ்பீக்கரில் இழுவையும் ஒரு 'சக்'கும் (இழுவையின் பின்னால் சில நேரம் ஆண் சேர்க்கும் குறுகிய ஒலி).

மூன்று கேள்விகள். சோதனை அறையில் எங்கெங்கே தவறு நடக்கும்? 20+20 போதுமா? கடைசியாக, கிராண்ட் படிவத்தில் 'அறிவியலில் பன்மைத்துவத்தை வளர்க்க நீங்கள் செய்யப்போவது என்ன' என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். 'எல்லாப் பின்னணியினரையும் வரவேற்கிறோம்' என்று எழுதி நிரப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. பத்து வாரத்தில் நிஜமாகச் செய்யக்கூடியதை மட்டும் எழுத விரும்புகிறேன். ஸ்பானிஷ் அடிப்படை அளவுக்கு வரும்.

குட்டைக்கரை எழுதியது:

அறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

ஸ்டான்லி ராண்ட், மைக்கேல் ரயன் என்ற ஆய்வாளர்களின் காலத்திலிருந்து இந்தத் தவளைக்கென்று ஒரு நடைமுறை நிலைத்துவிட்டது. அதை மாற்றாமல் பின்பற்றுங்கள். பழைய முடிவுகளோடு உங்கள் எண்களை ஒப்பிட முடியும் என்பதே பெரிய லாபம். அறை 2.7 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம். நீளவாட்டில் எதிரெதிராக இரண்டு ஸ்பீக்கர். சரியாக நடுவில் பெண் தவளை, அதன் மேல் ஒலி ஊடுருவும் கூம்பு. இரண்டு மூன்று நிமிடம் கூம்புக்குள் இருந்தபடியே இரண்டு கத்தலையும் கேட்க வேண்டும். பிறகு வெளியிலிருந்து கயிற்றை இழுத்துக் கூம்பைத் தூக்குவீர்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரும் 2 வினாடிக்கு ஒரு முறை கத்தும். இரண்டும் மாறி மாறி, ஒன்றின் மேல் ஒன்று விழாமல்.

தேர்வு என்பது ஸ்பீக்கரிலிருந்து 10 செ.மீ.க்குள் வருவது. கூம்பைத் தூக்கி முதல் 5 நிமிடம் அசையாமல் இருந்தாலோ, அதன் பிறகு எப்போதாவது 2 நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டாலோ, 15 நிமிடத்தில் எதையும் எட்டாவிட்டாலோ 'தேர்வு இல்லை'. அந்தப் பெண்ணைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஆனால் எத்தனை பெண்கள் அப்படிப் போயின என்பதைக் கட்டாயம் எழுதிவையுங்கள். தவளைக்குச் சுவரை ஒட்டிப் போகும் பழக்கம் உண்டு. சுவரோரமாகவே நகர்ந்து தற்செயலாக ஸ்பீக்கரை முட்டினால் அது தேர்வு ஆகாது. இந்த விதியை முதல் நாளே தாளில் எழுதி ஒட்டாவிட்டால், மூன்றாம் வாரத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இனி ஒலி அளவு. கெடுவது பெரும்பாலும் இங்கேதான். தவளை இருக்கும் இடத்தில் 82 டெசிபல் வர வேண்டும். ஒலிமானியில் 'ஏ' வடிகட்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது மனிதக் காதுக்கானது, தாழ்ந்த ஒலியைக் குறைத்துக் காட்டும். துங்காராவின் இழுவை சுமார் 900 ஹெர்ட்ஸில் தொடங்கி 400 வரை இறங்குகிறது. 'ஏ' வடிகட்டி 500 ஹெர்ட்ஸில் 3 டெசிபலுக்குச் சற்று மேலும், 400இல் கிட்டத்தட்ட 5 டெசிபலும் குறைக்கும். 2500 ஹெர்ட்ஸ் பக்கமோ ஒரு டெசிபல் கூட்டிக் காட்டும். 'சக்'கின் வலு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆக, இழுவையை ஒரு தராசிலும் 'சக்'கை வேறு தராசிலும் நிறுத்தது போலாகிவிடும். 'சி' வடிகட்டி அல்லது வடிகட்டலே இல்லாத அளவீடு வையுங்கள்.

மானியை வைக்கும் இடமும் முக்கியம். நடுப்புள்ளியிலிருந்து 10 செ.மீ. ஒரு பக்கம் சாய்ந்தால், ஸ்பீக்கர்கள் 1.35 மீட்டர் தொலைவில் இருக்கும்போது, இரண்டுக்கும் நடுவே சுமார் 1.3 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். தரையில் ஓர் ஆணி அடித்தது போலக் குறி வைத்துக்கொண்டு, மைக்கைத் தவளையின் உயரத்தில் பிடித்து, தினமும் தொடங்குமுன் அளந்து எழுதுங்கள்.

இன்னொரு கண்ணி: ஆடியோ மென்பொருளில் இருக்கும் 'நார்மலைஸ்' பொத்தான். கோப்பின் மிக உயர்ந்த முனையைப் பார்த்து மொத்தத்தையும் ஏற்றி இறக்குவது அது. 'சக்' இழுவையைவிட உயரமாக இருந்தால், 'சக்' உள்ள கோப்பில் இழுவை தாழ்ந்துபோகும், வெறும் இழுவைக் கோப்பில் உயர்ந்துவிடும். நீங்கள் சோதிப்பது 'சக்'கையா ஒலி அளவையா என்றே தெரியாது. இரண்டு கோப்பிலும் இழுவைப் பகுதியை மட்டும் சமப்படுத்துங்கள், 'சக்'கை அதன் பின்னால் ஒட்டுங்கள்.

சிறிய ஸ்பீக்கர்கள் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே சோர்ந்துபோகும். வாங்கும் முன்னால் உங்கள் கத்தலையே ஓட்டி, நடுப்புள்ளியில் பதிவு செய்து, மூலக் கோப்போடு அடுக்கிப் பாருங்கள். இழுவையின் வால் அறுந்திருந்தால் அந்த ஸ்பீக்கர் வேண்டாம். ஒவ்வொரு பெண்ணுக்கும் பக்கத்தை மாற்றுங்கள். அறை 25 முதல் 27 டிகிரி இருக்கட்டும். ஏ.சி.யைத் தாழ்த்திவிட்டால் தவளை குளிரில் அப்படியே உட்கார்ந்துவிடும், 'தேர்வு இல்லை' பட்டியல்தான் நீளும். கேமரா அகச்சிவப்பு. கருவிகளில் மினுங்கும் சின்னச் சின்ன விளக்கை எல்லாம் கறுப்பு டேப்பால் மூடுங்கள். திரையைப் பார்த்து எண்ணுபவருக்கு எந்தப் பக்கம் எந்தக் கத்தல் என்று தெரியக் கூடாது. ஒருவர் ஒலியை ஓட்டட்டும், இன்னொருவர் ஒலியை அணைத்துவிட்டுத் திரையை மட்டும் பார்க்கட்டும்.

பெண்களை ஜோடியாக, அதாவது ஆண் முதுகில் ஏறிப் பிடித்திருக்கும்போதே பிடியுங்கள். அந்த இரவில் அவை முட்டையிடத் தயார் என்பதற்கு அதுவே அடையாளம். சோதனைக்குச் சற்று முன்னர்தான் பிரிக்க வேண்டும். பைக்குள்ளேயே முட்டை விட்டுவிட்டால் அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் சோதனை இல்லை. முடிந்ததும் அதே ஆணோடு, பிடித்த அதே குட்டையில், அதே இரவில் விட்டுவிட வேண்டும். அப்போதுதான் நுரைக்கூடு கட்டி முட்டையிட நேரம் கிடைக்கும்.

எண்சாண் எழுதியது:

20+20 போதாது. ஏன் என்று எண்களோடு சொல்கிறேன்.

ஒரே கூட்டத்தில் 20 பெண்களைச் சோதித்தால், 15க்கு 5 வந்தால்தான் தற்செயல் அல்ல என்று சொல்லலாம் (பி மதிப்பு 0.04). துங்காராவில் 'சக்' உள்ள கத்தலுக்கான விருப்பம் சுமார் 85 விழுக்காடு. அவ்வளவு வலுவான விருப்பமாக இருந்தால் 20 பெண்களே போதும், பத்துக்கு ஒன்பது முறை கண்டுபிடித்துவிடலாம். பழைய பேப்பர்கள் 20இல் நிறுத்தியதன் காரணம் அதுதான். விருப்பம் 65 விழுக்காடாக இருந்தால் அதே 20 பெண்களில் நான்கில் ஒரு முறைதான் தெரியவரும்.

உங்கள் கேள்வியோ இரண்டு கூட்டத்துக்கு இடையிலான வித்தியாசம். காட்டில் 85, நகரத்தில் 65 என்று பெரிய இடைவெளியையே வைத்துக்கொள்வோம். அதை 80 விழுக்காடு நம்பிக்கையோடு பிடிக்கக் கூட்டத்துக்கு 73 பெண்கள் தேவை. மொத்தம் 146. மழை இல்லாத இரவில் ஜோடி கிடைப்பது அரிது. பத்து வாரத்தில் 30 நல்ல இரவு என்று கணக்கிட்டால் இரவுக்கு ஐந்து பெண்கள். முடியாது என்றில்லை, ஆனால் மூச்சுமுட்டும்.

வேறு வழி இருக்கிறது. 'ஆம், இல்லை' என்று ஒரே கேள்வி கேட்பதற்குப் பதிலாக விருப்பத்தின் எடையை அளவிடுங்கள். வெறும் இழுவையின் ஒலியைப் படிப்படியாக ஏற்றுங்கள்: முதலில் சமம், அடுத்து 3 டெசிபல் கூட, பிறகு 6 டெசிபல் கூட. எந்தக் கட்டத்தில் பெண் 'சக்'கைக் கைவிட்டு உரத்த இழுவைக்குப் போகிறது என்று பார்ப்பதுதான் உண்மையில் 'கறார்' என்ற சொல்லுக்குப் பொருள். ஒரே பெண்ணுக்கு மூன்று சோதனை, வரிசையைச் சீட்டுக் குலுக்கி மாற்ற வேண்டும். கணக்கிடும்போது எந்தப் பெண் என்ற அடையாளத்தைப் புள்ளியியல் மாடலில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே தவளையை மூன்றாக எண்ணிய குற்றம் வரும். ஒரு சோதனைக்கு அதிகபட்சம் 20 நிமிடம், பெண்ணுக்கு ஒரு மணி நேரம். இரவு எட்டரையிலிருந்து ஒன்றரை வரை ஐந்து பெண்கள்தான் உச்சவரம்பு. இரவுக்கு மூன்று நான்கு என்று திட்டமிடுங்கள்.

இன்னொன்று. எத்தனை பெண்கள் என்று கேட்டீர்கள், எத்தனை கத்தல்கள் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு ஆணின் பதிவை 100 பெண்களுக்குப் போட்டுக் காட்டினாலும் உங்களுக்குத் தெரிவது அந்த ஒரு ஆணைப் பற்றித்தான். 1989இல் டொனால்ட் க்ரூட்ஸ்மா பறவைப் பாட்டு ஆய்வுகளைப் பற்றி இதைச் சுட்டிக்காட்டியதிலிருந்து ரெஃபரிகள் முதலில் பார்ப்பதே இதை. குறைந்தது எட்டுப் பத்து ஆண்களின் கத்தலிலிருந்து தனித்தனி ஜோடிக் கோப்புகள் தயாரியுங்கள்.

நகரத்தில் பதிவு செய்யும்போது மைக் அரை மீட்டர் தொலைவில், தானியங்கி ஒலிக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு, வேவ் கோப்பாக. எம்பி3 வேண்டவே வேண்டாம். வண்டி இரைச்சல் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே கனமாக இருக்கும், அது இழுவையின் வாலோடு கலந்துவிடும். அந்த இரைச்சலையும் சேர்த்து ஓட்டினால் பெண் தேர்ந்தெடுப்பது தவளையையா லாரியையா என்று சொல்ல முடியாது. அதனால் அளந்த எண்களிலிருந்து செயற்கைக் கத்தல் உருவாக்குவதே மேல்.

குட்டைக்கரை எழுதியது:

எண்சாண் சொன்ன ஏற்றுமுறை நல்ல யோசனை. செயற்கைக் கத்தல் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. எட்டு ஆண்களின் எண்களிலிருந்து எட்டுக் கத்தல் செய்தால் சரி. எல்லாவற்றின் சராசரியையும் எடுத்து ஒரே கத்தல் செய்தால், க்ரூட்ஸ்மா சொன்ன அதே குழியில் வேறு பக்கமாக விழுகிறோம். சராசரித் தவளை எந்தக் குட்டையிலும் கத்துவதில்லை.

ஈரமண் எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. திட்டத்தை மாற்றி எழுதுகிறேன். நகரத்துப் பெண்களைக் காம்போவாவுக்குக் காரில் கொண்டுவந்துதான் சோதிக்க முடியும், அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். காட்டுப் பெண்கள் நிலையத்துப் பக்கத்திலேயே கிடைக்கும். இது பாதிக்குமா? மூன்றாவது கேள்விக்கும் யாராவது சொல்லுங்களேன்.

மழைமானி எழுதியது:

கண்டிப்பாகப் பாதிக்கும். காட்டுப் பெண்களையும் அதே பெட்டியில், அதே காரில், அதே நேரம் வைத்திருங்கள். வண்டியை ஓட்டவும் வேண்டும், சும்மா நிறுத்தி வைத்தால் அதிர்வு சமமாகாது. இல்லாவிட்டால் நகரத்துப் பெண் கறாரில்லை என்று நீங்கள் எழுதுவது உண்மையில் காரில் வந்த பெண் கறாரில்லை என்றுதான் இருக்கும். நகரத்துத் தவளைகளைக் காட்டில் விடுவது கூடவே கூடாது. தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை பனாமாவில் எத்தனை இனங்களை அழித்தது என்று தெரியும் அல்லவா? ஒரு தவளைக்கு ஒரு பை, ஒரு ஜோடி கையுறை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம் போகுமுன் பூட்ஸின் சேற்றைத் தேய்த்துக் கழுவிவிட்டு, 1 விழுக்காடு ஹைப்போகுளோரைட் கரைசலில் ஒரு நிமிடமாவது நனைய விடுங்கள். புட்டியில் 5 விழுக்காடு என்றிருந்தால் ஒரு பங்கு பிளீச்சுக்கு நான்கு பங்கு தண்ணீர். சேறு இருந்தால் பிளீச் அதிலேயே செத்துவிடும், அதனால் தேய்ப்பதுதான் முதல் வேலை. கையில் கொசு மருந்து பூசிக்கொண்டு தவளையைத் தொடாதீர்கள், அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும்.

இனி மூன்றாவது கேள்வி. இதைக் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் முதலிரண்டும் இதைச் சார்ந்துதான் நிற்கின்றன. இரவு எட்டு மணிக்குப் பனாமா நகரத்தின் எந்தக் குடியிருப்பில், எந்த வாய்க்காலில், யாரிடம் சொல்லிவிட்டு இறங்கலாம் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியாது. அந்த ஊரில் வளர்ந்த மாணவிக்குத் தெரியும். அவர் இல்லாமல் போனால் பாதுகாப்பாகத் தெரிகிற இரண்டு பூங்காக்களில் மட்டும் தவளை பிடிப்பீர்கள். பேப்பரில் 'நகரத் தவளை' என்று இருப்பது 'பூங்காத் தவளை' ஆகிவிடும். வெப்ஸ்டரும் ரட்ஸும் 2020இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் கேட்டது: நாம் ஆய்வு செய்கிற விலங்குகள் எந்த அளவுக்கு அந்த இனத்தின் பிரதிநிதிகள்? உங்கள் இரண்டு பக்கத்தை இங்கிருந்து தொடங்குங்கள்.

யார் பார்க்கிறார், எங்கே நின்று பார்க்கிறார் என்பதால் அறிவியல் மாறிய கதைக்கு நம் துறையிலேயே சான்று இருக்கிறது. பாடுவது ஆண் பறவைதான் என்று ஐரோப்பா, வட அமெரிக்காவின் குளிர்நாட்டுப் பறவைகளைப் பார்த்தே நெடுங்காலம் எழுதப்பட்டது. 2014இல் கேரன் ஓடமும் உடன் ஆய்வாளர்களும் தகவல் கிடைத்த 323 இனங்களை அலசியபோது 71 விழுக்காட்டில் பெண்ணும் பாடியது. இதை ஒரு வரியில் சொல்லுங்கள், கிராண்ட் படிப்பவருக்கு உடனே பிடிபடும்.

அடுத்தது பணம். கிராண்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை இரண்டு பனாமா மாணவர்களின் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள். தொகையை நீங்களாக முடிவு செய்யாமல் நிலையத்தில் உள்ளூர் உதவியாளர்களுக்கு என்ன விகிதம் என்று கேட்டு அதையே போடுங்கள். பனாமாவில் பால்போவாவும் டாலரும் ஒன்றுக்கு ஒன்று, அதனால் மாற்று விகிதக் குழப்பம் இல்லை. சம்பளத்துக்கு வெளியே கம்பூட்ஸ், ஹெட் டார்ச், மழைக் கோட்டு, காப்பீடு, இரவு வேலை முடிந்து வீடு திரும்ப டாக்ஸி. கடைசி பேருந்து போன பிறகு முடியும் வேலைக்கு டாக்ஸிப் பணம் ஒதுக்காவிட்டால், சொந்த வண்டி உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் வர முடியும். பன்மைத்துவம் கெடுவது இப்படிப்பட்ட சின்ன வரிகளில்தான்.

அறிவிப்பை ஸ்பானிஷில் எழுதுங்கள். பனாமா பல்கலைக்கழகத்தின் தலைநகர் வளாகத்தோடு நிறுத்தாமல் மண்டல மையங்களுக்கும், டேவிட் நகரில் உள்ள சிரிகி பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புங்கள். 'முன் அனுபவம் வேண்டும்', 'ஆங்கிலம் வேண்டும்' என்ற இரண்டு நிபந்தனைகளையும் எடுத்துவிடுங்கள். முன் அனுபவம் என்பது பெரும்பாலும் சம்பளமில்லாமல் இரண்டு கோடைக்காலம் வேலை பார்க்க முடிந்தவர்களுக்குக் கிடைத்தது. இரவில் ஆறு மணி நேரம் கவனமாக எண்ணவும், தப்பு நேர்ந்தால் மறைக்காமல் சொல்லவும் தெரிந்தால் போதும். எல்லாரிடமும் ஒரே ஐந்து கேள்வி கேளுங்கள், மதிப்பெண் முறையை விண்ணப்பங்களைத் திறக்கும் முன்னரே எழுதிவையுங்கள்.

தொட்டிமீன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சின்ன கிராண்டில் மூன்றில் ஒரு பங்கு என்பது நடக்கிற காரியமா? தன்னார்வலர்களை வைத்துப் பயிற்சியும் சான்றிதழும் கொடுத்தால் அவர்களுக்கும் லாபம்தானே? உலகம் முழுக்கப் பல கள நிலையங்கள் அப்படித்தான் ஓடுகின்றன.

மழைமானி எழுதியது:

ஓடுகின்றன, அதனால்தான் அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் ஒரே மாதிரி முகங்கள். மூன்று மாதம் சம்பளமின்றி இருக்க முடிந்தவர்தான் வர முடியும். பணம் பற்றாவிட்டால் பத்து வாரத்தை ஏழாக்குங்கள், அல்லது இரண்டு பேருக்குப் பதில் ஒருவரை எடுங்கள். ஆளைக் குறைக்கலாம், கூலியை வெட்டக் கூடாது. நாமும் ஏழை நாட்டிலிருந்து வருகிறவர்கள்தானே, நம்மிடம் என்ன அதிகாரம் என்று நினைத்துவிட வேண்டாம், ஈரமண். காம்போவாவில் கிராண்டும் கணினியும் பேப்பரும் உங்கள் கையில் இருக்கும். அந்த மாணவிக்கு நீங்கள்தான் வெளிநாட்டு ஆய்வாளர்.

பேப்பரில் பெயர் பற்றி. முதல் வாரமே உட்கார்ந்து பேசி எழுதிவிடுங்கள். பங்களிப்புகளை 14 வகையாகப் பிரிக்கும் கிரெடிட் பட்டியல் இருக்கிறது. அதை ஸ்பானிஷில் அச்சிட்டு, யார் எதைச் செய்வார், எதைச் செய்தால் பெயர் வரும் என்று குறித்துக்கொள்ளுங்கள். நகரத்தில் பிடிக்கும் இடங்களைத் தேர்ந்தெடுப்பது 'உதவி' அல்ல, அது மாதிரி எடுக்கும் முறையை வடிவமைப்பது. கென்யாவின் அம்போசெலி பபூன் ஆய்வில் கென்யக் களப்பணியாளர்கள் பேப்பர்களில் ஆசிரியர்களாக இருக்கிறார்கள், அது நல்ல முன்மாதிரி. தரவுக் கோப்பின் முழுப் பிரதி பனாமாவிலும் இருக்க வேண்டும். மாணவர்களில் ஒருவருக்கு ஆய்வேட்டுக்கு ஒரு பகுதி தேவைப்பட்டால் ஆணின் கத்தல் பதிவுகளைத் தனிக் கேள்வியாகக் கொடுத்துவிடலாம். அது உங்கள் பேப்பரோடு மோதாது.

பாதுகாப்பு. கேட் கிளான்சியும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட கருத்தெடுப்பில் கள ஆய்வாளர்கள் 666 பேர் பதில் சொன்னார்கள். தானாக முன்வந்து பதிலளித்தவர்கள்தான் என்பதால் அந்த விகிதத்தை உலகத்துக்கே பொருத்த முடியாது. ஆனாலும் 64 விழுக்காட்டினர் களத்தில் பாலியல் சீண்டலைச் சந்தித்ததாகச் சொன்னது சிறிய விஷயம் அல்ல. இளம் மாணவிகளே அதிகம் குறிவைக்கப்பட்டார்கள். அதனால் ஒரு பக்க நடத்தை விதி, இரண்டு மொழியில். புகாரைப் பெறுபவர் இருவர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் உங்கள் குழுவுக்கும் உங்கள் கைடுக்கும் சம்பந்தமில்லாதவர். இரவில் யாரும் தனியாக இல்லை. யாருக்காவது கிளம்ப வேண்டுமென்றால் காரணம் கேட்காமல் கிளம்பப் பணம் தனியாக உறையில். கழிப்பறைக்கு நிறுத்தும் நேரம் கால அட்டவணையிலேயே இருக்கட்டும். அது எழுதப்படாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்ப்பார்கள், ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்த அந்த ஊரில் மயங்கி விழுவதில்தான் முடியும்.

நகரத் தவளைகளைத் திருப்பி விடப் போகும் கார் அதிகாலை இரண்டு மணிக்கு ஓடும். அந்த நேரத்தில் சோதனை செய்தவரே ஓட்டக் கூடாது. மாலையில் தூங்கி எழுந்த ஒருவர் ஓட்டுநர் என்று அட்டவணை போடுங்கள், அவருக்கு அன்று வேறு வேலை இல்லை. நான்கு பேர் குழுவில் இது சாத்தியம், இரண்டு பேரில் சாத்தியமில்லை. சம்பளத்துக்கு இதையும் ஒரு காரணமாகப் படிவத்தில் எழுதலாம்.

கிண்டிவாசி எழுதியது:

பயண விஷயம் சில. மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் பனாமாவை இந்தியா வைத்திருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதற்குப் பிறகு ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், பாஸ்போர்ட் கட்டாயம். எந்த நாட்களில் என்று முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்குக்கூட விசா வேண்டும். ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட், இஸ்தான்புல் வழியாகவும் பனாமாவுக்கு விமானம் உண்டு.

மின்சாரம் அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், தட்டையான பின். லேப்டாப் சார்ஜர் தாங்கும். இங்கிருந்து 230 வோல்ட் ஆம்ப்ளிஃபயர் எடுத்துப் போனால் ஒலி அரைகுறையாக வரும் அல்லது வரவே வராது. பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் எடுங்கள், மின் இணைப்பின் இரைச்சலும் இராது.

பெர்மிட்: பனாமா சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அறிவியல் அனுமதி, நிலையத்தின் விலங்கு நலக் குழு, உங்கள் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு, மூன்றும் தனித்தனி. நகரத்தில் பிடிக்கும் இடங்களையும், அடையாளத்துக்குத் தவளையின் விரல்நுனியை வெட்டுவீர்களா புகைப்படம் எடுப்பீர்களா என்பதையும் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். பழங்குடித் தன்னாட்சிப் பகுதிக்குள் போவதாக இருந்தால் 'காங்கிரஸ்' எனப்படும் அவர்களது பொதுச் சபையின் ஒப்புதல் தனியாக வேண்டும். உள்ளூர் மாணவர்களின் பெயரையும் பெர்மிட்டில் சேருங்கள். பெயர் இல்லாதவர் தவளையைக் கையில் பிடித்திருந்தால் சட்டப்படி அவர்தான் மாட்டுவார்.

ஈரமண் எழுதியது:

பெர்மிட்டில் மாணவர்கள் பெயர் சேர்க்க வேண்டும் என்றால், ஆள் தேர்வை விண்ணப்பத்துக்கு முன்னாலேயே முடிக்க வேண்டும். அப்படியானால் அறிவிப்பு இந்த மாதமே போக வேண்டும். சரிதானா?

மழைமானி எழுதியது:

சரி. அறிவிப்பு இந்த மாதம், நேர்காணல் வீடியோவில் அடுத்த மாதம். இணையம் சரியாக இல்லாதவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள், அதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள். தேர்ந்தெடுத்த பிறகு நகரத்தில் பிடிக்கும் இடங்களை அவர்களோடு சேர்ந்து முடிவு செய்து, அந்தப் பட்டியலையே பெர்மிட்டில் வையுங்கள். ஸ்பானிஷ் அறிவிப்பை இங்கே போட்டால் திருத்தித் தருகிறேன்.